கவாய் தீவின் மேல் ஹெலிகாப்டரில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாய்க்குச் சுற்றுலா போகிறவர்கள், அங்கே ஹெலிகாப்டர் பயணம் பற்றிக் கேட்டு எழுதிய கடிதங்கள் இந்த மாதம் நிறைய வந்துள்ளன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கலிபோர்னியாவிலிருந்து ஒரு வாசகர்: ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு 350 டாலர் கேட்கிறார்கள். நாங்கள் நாலு பேர். 1,400 டாலர் கொடுத்துப் பார்க்கிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது? வாடகைக் காரில் தீவைச் சுற்றி வந்துவிட முடியாதா?

முடியாது. கவாயைச் சுற்றி முழு வட்டமாகச் சாலை கிடையாது. வடக்கே கேயே கடற்கரையோடு சாலை நின்றுவிடும். மேற்கே போலிஹலே கடற்கரையோடு நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நா பாலி கடற்கரை. 1,200 மீட்டர் உயரம் வரை செங்குத்தாக எழும் பாறைச் சுவர்களில் சாலை போட இடமே இல்லை. நடந்து போவதென்றால் கலலாவ் மலைப்பாதை இருக்கிறது. போக மட்டும் 18 கிலோமீட்டர், முன் அனுமதியும் வாங்க வேண்டும்.

தீவின் நடுவில் இருப்பது வையாலேயாலே மலை, உயரம் 1,569 மீட்டர். உலகில் அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 9,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னையில் பெய்வது சுமார் 1,400. மழை விட்ட சிறிது நேரத்தில் அந்த மலைச் சுவர் முழுவதும் வெள்ளி நூல் தொங்கவிட்டதுபோல அருவிகள் இறங்கும். அந்தச் சுவர்களுக்கு நடுவே ஹெலிகாப்டர் மெதுவாகத் திரும்பும் சில நிமிடங்களுக்காகவே காசு கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. காரில் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி எந்த வளைவிலும் கிடைக்காது.

வைமேயா பள்ளத்தாக்கு அப்படியல்ல. 16 கிலோமீட்டர் நீளம், சுமார் 900 மீட்டர் ஆழம், செம்மண் நிறம். மேலிருந்து அழகுதான். ஆனால் காரிலேயே விளிம்புக்குப் போய் ஆற அமரப் பார்க்கலாம். நா பாலியைப் படகிலும் பார்க்கலாம், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பெரிய அலைகள் படகுகளைப் பல நாள் நிறுத்திவிடும் என்றாலும். ஆக, ஹவாயில் ஒரே ஒரு தடவைதான் ஹெலிகாப்டரில் ஏறுவோம் என்றால், கவாயில் ஏறுங்கள். 50 முதல் 60 நிமிடப் பயணத்தையே எடுங்கள். மலிவாக இருக்கிறதே என்று குறுகிய பயணம் எடுக்கும் முன் வரைபடத்தில் பாதையைக் காட்டச் சொல்லுங்கள். நேரம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது நா பாலியின் தொலைவான பகுதியோ வையாலேயாலேயோதான்.

டாலஸிலிருந்து ஒரு வாசகி: நானும் கணவரும் சேர்ந்து உட்கார வேண்டும், இருவருக்கும் ஜன்னல் வேண்டும் என்று கேட்டேன். "அன்றைக்கு எடை பார்த்துத்தான் சொல்வோம்" என்கிறார்கள். பணம் கட்டியும் இருக்கையை நாம் தேர்ந்தெடுக்க முடியாதா?

பெரும்பாலும் முடியாது. காரணம் நியாயமானது.

கவாயில் அதிகம் பறப்பது ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ-ஸ்டார் என்கிற ஏஎஸ் 350, அதன் உறவான இசி 130 ஆகிய இரண்டு வகை. ஏ-ஸ்டாரில் பைலட்டோடு சேர்த்து ஏழு பேர். அதன் பி2 ரகம் தரையை விட்டுக் கிளம்பும்போது மொத்த எடை 2,250 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் ஹெலிகாப்டரே 1,200 கிலோவுக்கு மேல். ஆளுக்கு 80 கிலோ என்று வைத்தால் ஏழு பேருக்கு 560. மிச்சம் இருக்கும் ஐந்நூறு கிலோவுக்குள் எரிபொருள், கடலில் இறங்க நேர்ந்தால் ஹெலிகாப்டரை மிதக்க வைக்கும் மிதவைப் பைகள், ஹெட்செட்கள், கேமராக்கள் எல்லாம் அடங்க வேண்டும். மொத்த எடை சரியாக இருந்தாலும் போதாது. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். மேலே சுற்றும் விசிறியான ரோட்டரின் தண்டிலிருந்து ஊஞ்சல்போலத் தொங்குகிற வண்டி அது. முன்பக்கம் கனத்துவிட்டால் மூக்கு கீழே சாயும். அதை நிமிர்த்தப் பைலட் கைப்பிடியைப் பின்னால் இழுத்துக்கொண்டே போனால், வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரத்தில் இழுக்க மீதி இடம் இருக்காது. அதனால்தான் முன்னால் யார், பின்னால் யார் என்பதை எடைக் கணக்கு முடிவு செய்கிறது.

முன்பதிவின்போது எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். வந்த அன்று உங்களைக் கைப்பை, கேமராவோடு தராசில் நிறுத்துவார்கள். சொன்னதற்கும் இருப்பதற்கும் வித்தியாசம் வந்தால் கணக்கு முழுவதையும் மாற்ற வேண்டும், சில சமயம் யாராவது ஒருவர் இறங்க வேண்டியிருக்கும். சுமார் 240 அல்லது 250 பவுண்டு, அதாவது 109 முதல் 113 கிலோவுக்கு மேல் இருப்பவர்களிடம் பல நிறுவனங்கள் கூடுதல் இருக்கைக்குக் கட்டணம் வாங்குகின்றன.

இனி எந்த இருக்கை நல்லது என்ற கேள்வி. கோயிலைப் பிரதட்சிணம் வருவதுபோல, தீவு வலக்கைப் பக்கம் இருக்கும்படி வலஞ்சுழியாகச் சுற்றுவதுதான் வழக்கமான பாதை. விமான நிலையம் இருக்கும் லீஹுயே ஊரில் கிளம்பி, ஹனபேபே பள்ளத்தாக்கு, வைமேயா, நா பாலி, ஹனலே விரிகுடா, கடைசியில் வையாலேயாலே. எனவே வலப்பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சிறிது அதிகம் கிடைக்கும். நல்ல பைலட் முக்கியமான இடங்களில் இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டுவார். ஏ-ஸ்டாரில் பைலட் வலப்பக்கம், இசி 130இல் இடப்பக்கம். பின்வரிசையில் நடுவில் மாட்டுகிறவர்களுக்குத்தான் வருத்தம். ஆனால் இசி 130இன் பின்வரிசை சற்று உயர்ந்திருப்பதால் முன்னால் இருப்பவர்களின் தலைக்கு மேலாகப் பார்வை போகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் இசி 130ஐக் கேளுங்கள். அதன் வால் ரோட்டர் கூண்டுக்குள் அடைத்திருப்பதால் சத்தமும் குறைவு. இருவருக்கும் ஜன்னல் கட்டாயம் வேண்டுமென்றால், மூன்று பயணிகள் மட்டும் ஏறும் ராபின்சன் ஆர் 44 போன்ற சிறிய வகையில் எல்லா இருக்கையுமே ஜன்னலோரம்தான். ஆனால் அது சிறிய பிஸ்டன் எஞ்சின் ஓடும் லேசான வண்டி. காற்றில் ஆட்டம் அதிகம் தெரியும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி: மகள் வீட்டுக்குப் போகும்போது கவாய்க்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. சேலை மட்டுமே கட்டிப் பழக்கம். ஏற முடியுமா அம்மா?

தாராளமாக ஏறலாம் அம்மா. சேலை பற்றி மட்டும் சிறிது யோசிக்க வேண்டும். பெரும்பாலும் ரோட்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பயணிகளை ஏற்றி இறக்குவார்கள். அந்தக் காற்றில் முந்தானை பறந்தால் கால் தடுக்கும், அருகில் இருப்பவர் முகத்தை மறைக்கும். இடுப்பைச் சுற்றி லைஃப் ஜாக்கெட் பையைக் கட்டி, அதற்கு மேல் சீட் பெல்ட்டும் போடுவதால் கொசுவம் கசங்கி இழுபடும். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள், துப்பட்டாவைக் காரிலேயே வைத்துவிடுங்கள். சேலைதான் என்றால் பருத்திச் சேலையாகக் கட்டி, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, தோளில் பின் குத்திக்கொள்ளுங்கள். முன்பதிவின்போதே இதைச் சொல்லி அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்பது நல்லது.

கருநீலம், கறுப்பு, அரக்கு போன்ற அடர்நிறம் உடுத்துங்கள். வெளிர்நிறத் துணி வளைந்த ஜன்னலில் பிரதிபலித்து, வெளியே மலை தெரிய வேண்டிய இடத்தில் உங்கள் ரவிக்கையே தெரியும். அருகில் இருப்பவர்களின் புகைப்படங்களும் கெடும். கொண்டை வேண்டாம், ஹெட்செட்டின் பட்டை தலை மேல் சரியாக உட்காராது. தாழ்வாகப் பின்னல் போடுங்கள். பூ வைக்க வேண்டாம், உதிர்ந்து பறக்கும். தொப்பி, சால்வை, தளர்ந்த செருப்பு எதுவும் கூடாது.

முழங்காலைப் பொறுத்தவரை, ஏறும் படி தரையிலிருந்து கொஞ்சம் உயரம். முன்கூட்டியே சொன்னால் சிறு ஸ்டூல் கொண்டுவந்து வைத்துக் கைகொடுத்து ஏற்றுவார்கள். ஏறிய பின் ஒரு மணி நேரம் காலை நீட்ட முடியாது, கழிப்பறையும் கிடையாது. அதைக் கணக்கில் வைத்துக் காப்பியைத் திரும்பி வந்து குடியுங்கள். காது கேட்கும் கருவி போட்டிருந்தால் ஹெட்செட்டுக்கு அடியில் அது கீச்சிடலாம். கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்வது வசதி. சமீபத்தில் இதய அல்லது கண் அறுவை சிகிச்சை ஆகியிருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் ஏறாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்: எந்த மாதம், எந்த நேரம் நல்லது? மழை வந்தால் பணம் போய்விடுமா?

வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி மேகமாகிறது. விடிந்ததும் மேகம் குறைவாக இருக்கும், வெயில் ஏற ஏற உச்சியில் கட்டிக்கொள்ளும். எனவே வையாலேயாலே தெரிவதற்குக் காலை நல்லது. நா பாலியோ வடமேற்கு பார்த்தது. அதிகாலையில் அதன் சுவர்கள் நிழலில் கறுத்து நிற்கும், மதியத்துக்கு மேல்தான் வெளிச்சம் நேராக விழும். இரண்டுக்கும் இடைப்பட்டதாகக் காலை 10 அல்லது 11 மணிப் பயணத்தை எடுப்பது எங்கள் பரிந்துரை. மே முதல் செப்டம்பர் வரை வானிலை நிலையாக இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை மழை அதிகம், அருவிகளும் அதிகம்.

தங்கும் நாட்களில் முதலாவதோ இரண்டாவதோ நாளில் பதிவு செய்யுங்கள். கடைசி நாளுக்கு வைத்தால், ரத்தானபின் மாற்றிக்கொள்ள நாள் இருக்காது. நிறுவனமே வானிலைக்காக ரத்து செய்தால் பொதுவாக முழுப் பணமும் திரும்பும். நீங்கள் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியது வேறொன்று: பாதியில் திரும்பினால் என்ன கணக்கு, வையாலேயாலே மூடியிருந்து அதைத் தவிர்த்தால் என்ன கணக்கு. இதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும்.

விடுதி வாசலில் தூறுகிறதே என்று நீங்களாகவே ரத்து செய்துவிடாதீர்கள். கவாயில் ஒரு பக்கம் கொட்டும்போது மறுபக்கம் வெயில் காயும். பறப்பதா இல்லையா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: ஹவாயில் ஹெலிகாப்டர் விபத்துகள் நடந்திருப்பதாகப் படித்தேன். குடும்பத்தோடு ஏறலாமா? எது பாதுகாப்பான நிறுவனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விபத்துகள் நடந்தது உண்மை. 2019 டிசம்பர் 26 அன்று கவாயின் வடமேற்கில் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் மலையில் மோதி, பைலட்டும் ஆறு பயணிகளும் இறந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. எஞ்சின் கோளாறு என்று அது சொல்லவில்லை. கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டிய பயணத்தை, பார்வை மறையும் மேகத்துக்குள் தொடர்ந்ததுதான் காரணம் என்றது. மலைகளில் வானிலைக் கேமராக்கள் வைக்கும் திட்டம் ஹவாயில் தாமதமானதையும் அது குறையாகச் சுட்டியது. 2024 ஜூலையில் நா பாலிக்கு அருகே கடலில் விழுந்த இன்னொரு ஹெலிகாப்டரில் மூன்று பேர் இறந்தார்கள்.

இந்த ஆபத்தை மனதில் வைத்துத்தான் 1994லேயே ஹவாய்க்கென்று தனி விதிகள் வந்தன. சிறப்பு அனுமதி இல்லாமல் தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே சுற்றுலாப் பயணம் பறக்கக் கூடாது. கடல் மேல் போகும்போது மிதவைப் பைகளோ லைஃப் ஜாக்கெட்டோ வேண்டும். கிளம்பும் முன் பயணிகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

பதிவு செய்யும் முன் தொலைபேசியில் இவற்றைக் கேளுங்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின் 135ஆம் பகுதியின் கீழ் சான்று உள்ளதா? இது பைலட் பயிற்சி, பரிசோதனை, பணி நேரம் எல்லாவற்றிலும் கண்டிப்பானது. 91ஆம் பகுதியின் கீழ் மட்டும் பறப்பவர்களுக்கு விதிகள் தளர்வு. ஹெலிகாப்டரில் மிதவைப் பைகள் பொருத்தியிருக்கிறதா? பைலட் எவ்வளவு காலமாக இந்தத் தீவில் பறக்கிறார்? வேறு எங்கோ ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவரானாலும், இந்தப் பள்ளத்தாக்குகளில் மேகம் எவ்வளவு சீக்கிரம் மூடும் என்பதை இங்கே இருந்துதான் பழக வேண்டும். "போன வாரம் வானிலைக்காக எத்தனை பயணம் ரத்து செய்தீர்கள்?" என்றும் கேளுங்கள். ரத்தே செய்வதில்லை என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில் பதிவு செய்யாதீர்கள்.

பயணிகளின் கையிலும் ஒன்று இருக்கிறது. "இவ்வளவு காசு கொடுத்திருக்கிறோம், அந்த அருவியைக் காட்டுங்கள்" என்று பைலட்டை நெருக்காதீர்கள். பைலட் "இன்றைக்கு உள்ளே போக முடியாது" என்றால் அது முடிந்த பேச்சு. பயணிகள் முகம் வாடுவதும்கூட ஒரு பைலட்டைத் தள்ளும். திரும்பியவருக்கு நன்றி சொல்லுங்கள், வழக்கமாகக் கொடுக்கும் அன்பளிப்பையும் குறைக்காதீர்கள். ஆளுக்கு 10 முதல் 20 டாலர் வரை கொடுப்பது அங்கே வழக்கம்.

பாதுகாப்பு வீடியோ ஓடும்போது போனைப் பார்க்காமல் மூன்று விஷயங்களை மனதில் பதியுங்கள். ஒன்று, ஹெலிகாப்டரை எப்போதும் முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ, பைலட் பார்வையில் படும்படி, ஊழியர் கூப்பிட்ட பிறகே அணுக வேண்டும். வால் பக்கம் போகவே கூடாது. சுற்றும் வால் ரோட்டர் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு, உங்கள் கதவின் கைப்பிடி எங்கே, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும். மூன்று, லைஃப் ஜாக்கெட்டை உள்ளே இருக்கும்போது ஊதவே கூடாது. உள்ளே ஊதினால், தண்ணீர் ஏறும்போது அது உங்களைக் கூரையோடு அழுத்திவிடும், கதவை நோக்கிக் கீழே இறங்க முடியாது. நீரில் இறங்க நேர்ந்தால் ரோட்டர் நிற்கும்வரை பொறுத்து, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பெல்ட்டை அவிழ்த்து, வெளியே வந்தபின்தான் ஊத வேண்டும். பெல்ட்டை முதலிலேயே அவிழ்த்தால் புரளும் வண்டிக்குள் திசை தெரியாமல் போகும்.

டொரண்டோவிலிருந்து ஒரு வாசகர்: கதவில்லாமல் பறக்கும் பயணமும் இருக்கிறதாமே. படம் எடுக்க அதுதான் நல்லது என்கிறார் நண்பர்.

படத்துக்கு நல்லதுதான், நடுவில் கண்ணாடி இல்லையே. ஆனால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் காற்று முகத்தில் அறையும். மலை உச்சியில் குளிரும், தூறலில் நனைவீர்கள். கையில் தளர்வாக எதுவும் இருக்கக் கூடாது. நழுவி விழும் லென்ஸ் மூடிகூட வால் ரோட்டரில் பட்டால் வண்டியையே வீழ்த்தும். லென்ஸ் ஹூட், செல்ஃபி குச்சி வேண்டாம், உள்ளே லென்ஸ் மாற்றவும் வேண்டாம். மூக்குக் கண்ணாடிக்குப் பின்பட்டை கட்டுங்கள். சிறு குழந்தைகளை ஏற்ற மாட்டார்கள்.

பெல்ட் விஷயத்தில் விழிப்பாக இருங்கள். 2018 மார்ச்சில் நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில், கதவில்லாத புகைப்படப் பயணம் ஒன்று விபத்தானது. பயணிகளைக் கட்டியிருந்த கூடுதல் பாதுகாப்புப் பட்டைகளில் ஒன்று தரையில் இருந்த, எரிபொருளை நிறுத்தும் நெம்புகோலில் சிக்கி எஞ்சின் நின்றது. ஹெலிகாப்டர் நீரில் கவிழ்ந்தபோது அந்தப் பட்டைகளை அவிழ்க்க முடியாமல் ஐந்து பயணிகளும் மூழ்கினார்கள். அதற்குப் பிறகு, ஒப்புதல் பெறாத கூடுதல் பட்டைகளுக்குத் தடை வந்தது. உங்களை ஹெலிகாப்டரோடு கட்டும் எதுவும் உங்கள் கையாலேயே ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். கிளம்பும் முன் ஒரு தடவை அவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு மூடிய ஹெலிகாப்டரே போதும். கேமராவை ஜன்னலில் சாய்க்காதீர்கள், அதிர்வு படத்தைக் கலக்கும். ஒரு விரல் அகலம் தள்ளிப் பிடியுங்கள். ஷட்டர் 1/1000 நொடி அல்லது அதற்கும் வேகமாக வையுங்கள். 24 முதல் 70 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று போதும். போலரைசர் வடிகட்டி போட்டால் அந்த அக்ரிலிக் ஜன்னலில் வானவில் பட்டைகள் தெரியும், கழற்றிவிடுங்கள். போனில் எடுப்பவர்கள் மணிக்கட்டுப் பட்டை மாட்டிக்கொள்ளுங்கள்.

பலர் கேட்ட சிறு கேள்விகள்

*குமட்டல் வருமா?* காரில் மலை ஏறினால் வருகிறவர்களுக்கு வரும். மருத்துவரிடம் கேட்டு, பயணத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போடுங்கள். வந்தபின் போட்டுப் பயனில்லை. வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், நிறையவும் சாப்பிடாதீர்கள். இரண்டு இட்லி அளவு போதும். கேமரா திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் முதலில் தலை சுற்றும். தொலைவில் அடிவானத்தைப் பாருங்கள்.

*கைக்குழந்தை?* இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனி இருக்கை கட்டாயம். அதற்குக் கீழே இருப்பவர்களை ஏற்றுவது நிறுவனத்தைப் பொறுத்தது. குழந்தையின் காதில் ஹெட்செட் சரியாக உட்காராவிட்டால் ஏற்றாதீர்கள், சத்தம் அவ்வளவு.

*முதல் நாள் ஸ்கூபா டைவிங் போகலாமா?* கூடாது. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாகும். 24 மணி நேரம் இடைவெளி விடுங்கள். முதலில் ஹெலிகாப்டர், பிறகு டைவிங் என்று வைத்தால் சிக்கலே இல்லை. நீர்மட்டத்தில் நீந்தும் ஸ்நார்கெலிங்குக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: கவாயில் கருங்கல்லில் கட்டிய சிவன் கோயில் இருக்கிறதாமே. ஹெலிகாப்டரிலிருந்து தெரியுமா?

இருக்கிறது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் சீடர் சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970இல் நிறுவிய கவாய் ஆதீனத்தின் இறைவன் கோயில் அது. வைலுவா ஆற்றங்கரையில், வையாலேயாலே மலையைப் பார்த்த தோட்டத்துக்குள் இருக்கிறது. பெங்களூரு அருகே சிற்பிகள் உளியால் செதுக்கிய கற்களைக் கப்பலில் கொண்டுவந்து, சோழர் பாணியில் எழுப்பினார்கள். 2023இல் கும்பாபிஷேகம் நடந்தது. உள்ளே 700 பவுண்டு எடையுள்ள ஸ்படிக லிங்கம்.

மேலிருந்து பார்க்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். சுற்றுலாப் பாதை இதற்காக வகுத்ததல்ல. லீஹுயேயிலிருந்து காரில் சுமார் அரை மணி நேரம்தான். பொதுமக்களுக்குக் காலையில் மட்டுமே திறந்திருக்கும், கோயிலைச் சுற்றிப் பார்க்க முன்பதிவு வேண்டும். ஹெலிகாப்டர் காலை 10 மணிக்கு என்றால், கோயிலுக்கு வேறொரு காலையை ஒதுக்குங்கள். அன்றைக்குச் சேலையும் வேட்டியும் கட்டிக்கொண்டு போகலாம்.